நெஞ்சு வலி கேஸில் கையடக்க ஸ்கேன்: ஈசிஜிக்கும் லைசிஸுக்கும் நடுவில் எதைப் பார்ப்பது?

தாலுகா டியூட்டி

வணக்கம். தாலுகா ஜிஹெச் கேசுவாலிட்டி. போனில் செருகிப் பார்க்கிற கையடக்க ஸ்கேன் ஒன்று வந்திருக்கிறது. இதய மருத்துவர் இல்லை. சிடி வேண்டுமென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

நெஞ்சு வலியோடு வருபவருக்கு ஈசிஜி எடுத்த பிறகு, இந்தக் கருவியை வைத்து எந்தெந்தக் கேள்விக்கு நம்பிப் பதில் சொல்லலாம், எதற்குச் சொல்லக் கூடாது? எஸ்டி எலிவேஷன் (ஈசிஜியில் எஸ்டி பகுதி மேலேறுவது, மாரடைப்பின் அடையாளம்) இருக்கும் கேஸில் லைசிஸுக்கு (அடைப்பைக் கரைக்கும் மருந்து) முன்னால் கட்டாயம் ஸ்கேன் பார்க்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வரிசையாகச் சொன்னால் நைட் டியூட்டி பார்க்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் காட்டலாம்.

விலாஇடை

நேரக் கணக்கில் ஆரம்பிப்போம். ஆள் உள்ளே வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி கையில் இருக்க வேண்டும். அதுவரை ப்ரோபைத் (உடலில் வைக்கும் ஸ்கேன் முனை) தொட வேண்டாம். எஸ்டி எலிவேஷன் தெளிவாக இருந்து, 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்க வழியில்லை என்றால் லைசிஸ்தான். ஆள் வந்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் மருந்து ஏற வேண்டும். ஸ்கேன் அந்த 30 நிமிடத்தில் கை வைக்கக் கூடாது. சிஸ்டர் மருந்தைக் கலக்குகிற 2 நிமிடம்தான் உங்களுடையது. அதற்குள் வராத வியூவை (ஒரு கோணத்தில் தெரியும் படம்) விட்டுவிடுங்கள்.

அடுத்தது, ப்ரோபை வைக்கும் முன் கேள்வி மனதில் இருக்க வேண்டும். "சும்மா ஒரு எக்கோ பார்ப்போம்" என்று ஆரம்பித்தால் 15 நிமிடம் போகும், ஒரு முடிவும் வராது. இந்தக் கருவி பதில் சொல்லக்கூடியவை இவ்வளவுதான்: இதயத்தைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறதா, அயோர்ட்டா ரூட் (இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் தொடக்கம்) வீங்கியிருக்கிறதா, வலது வென்ட்ரிக்கிள் (வலது கீழறை, ஆர்வி) இடதைவிடப் பெருத்திருக்கிறதா, இடது வென்ட்ரிக்கிள் (எல்வி) மொத்தமாக நன்றாகச் சுருங்குகிறதா, இரண்டு பக்கமும் நுரையீரல் மூச்சுக்கேற்ப வழுக்குகிறதா.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி. கண்ணில் பட்டால் நம்பலாம். படவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று எழுதக் கூடாது. ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பப்படும் மாரடைப்பு கேஸ்தான் இந்தக் கருவியால் வரக்கூடிய பெரிய ஆபத்து.

எக்கோ அறை

விலாஇடை சார் சொன்ன வரிசை சரி. ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் தடுக்கி விழுகிற இடம் அதற்கும் முன்னால் இருக்கிறது: பிரீசெட் (எந்த உறுப்பைப் பார்க்கிறோம் என்பதற்கான கருவி அமைப்பு).

கார்டியாக் பிரீசெட் போட்டால் திரையில் மார்க்கர் புள்ளி (ப்ரோபில் இருக்கும் பக்கக் குறிக்கான அடையாளம்) வலது பக்கம் இருக்கும். அப்டமன் பிரீசெட்டில் இடது பக்கம். முந்தைய கேஸுக்கு வயிறு பார்த்துவிட்டு அப்படியே நெஞ்சில் வைத்தால் படம் இடவலமாகத் திரும்பிவிடும். ஃபோர் சேம்பரில் (இதயத்தின் நான்கு அறைகளும் தெரியும் வியூ) இது பெரிய விபத்து. கார்டியாக் பிரீசெட்டில் மார்க்கரை நோயாளியின் இடது பக்கம் வைத்தால் இடது வென்ட்ரிக்கிள் திரையின் வலது பக்கம் வரும். படம் திரும்பியிருந்தால் அந்த இடத்தில் வலது வென்ட்ரிக்கிள் நிற்கும். நன்றாக இருக்கிற இடது வென்ட்ரிக்கிளைப் பார்த்து "ஆர்வி பெருத்திருக்கிறது, பல்மனரி எம்பாலிசம்" (நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு) என்று எழுதிவிடுவார்கள்.

எது எது என்று அடையாளம் காணத் திரையின் பக்கத்தை நம்பாதீர்கள், வால்வைப் பாருங்கள். டிரைகஸ்பிட் வால்வு (வலது பக்க வால்வு) செப்டத்தில் (இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் சுவர்) ஒட்டுகிற இடம், மைட்ரல் (இடது பக்க வால்வு) ஒட்டுகிற இடத்தைவிடக் கொஞ்சம் அபெக்ஸ் (இதய நுனி) பக்கம் தள்ளி இருக்கும். டிரைகஸ்பிட் இருக்கிற அறைதான் வலது வென்ட்ரிக்கிள். அதன் நுனியில் குறுக்காக ஒரு தடித்த பட்டை, மாடரேட்டர் பேண்ட், தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பாராஸ்டெர்னல் லாங் வியூவுக்கு (இதயத்தின் நீளவெட்டு) ஸ்டெர்னத்துக்கு (மார்பெலும்பு) இடது ஓரம், 3 அல்லது 4ஆவது விலாஇடை, மார்க்கர் நோயாளியின் வலது தோள்பட்டையை நோக்கி. அங்கிருந்து இடம் மாறாமல் கடிகார முள் திசையில் 90 டிகிரி சுற்றினால் ஷார்ட் வியூ (குறுக்குவெட்டு). ஆழத்தை முதலில் 20 செ.மீ.க்கு வைத்து இதயத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை, பிறகு 15-16க்குக் குறையுங்கள். நேராக 12 செ.மீ.யில் ஆரம்பித்தால் டிசெண்டிங் அயோர்ட்டா (கீழிறங்கும் பெருந்தமனி) படத்துக்கு வெளியே போய்விடும். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்ல அதுதான் எல்லைக்கல்: அயோர்ட்டாவுக்கு முன்னால், இதயத்துக்கும் அதற்கும் நடுவே புகுந்தால் பெரிகார்டியத் (இதய உறை) தண்ணீர். அயோர்ட்டாவுக்குப் பின்னால் போனால் இடது ப்ளூரா (நுரையீரல் உறை).

முன்பக்கம் மட்டும் மெல்லிய கருப்புப் பட்டை தெரிந்து, உள்ளே புள்ளி புள்ளியாக இருந்து, இதயத்தோடு சேர்ந்தே அசைந்தால் அது பெரும்பாலும் கொழுப்பு. ஊசி எடுக்க ஓடாதீர்கள்.

நைட் ஷிஃப்ட்

வலியில் துடிக்கிற ஆளை இடது பக்கம் ஒருக்களிக்க வைக்கிறது நடக்காத காரியம். சப்காஸ்டல்தான் (விலாவுக்குக் கீழே வயித்துப் பக்கமிருந்து பாக்கிறது) கைகொடுக்கும். முழங்காலை மடக்கச் சொல்லுங்க, வயிறு தளரும். ப்ரோபைப் பேனா மாதிரி பிடிக்காம மேலேர்ந்து உள்ளங்கையால மூடிப் பிடிச்சு, தோலோட கிட்டத்தட்டப் படுக்கவச்சு, இடது தோளைப் பார்த்து அழுத்துங்க. வயித்து வாயு மறைச்சா ப்ரோபை வலது பக்கம் நகர்த்தி லிவர் வழியாப் பாருங்க. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னா இதயம் கீழே இறங்கி வரும். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) ஆளுக்கு மார்பு வழியா ஒண்ணும் தெரியாது, இந்த வியூ மட்டும்தான் ஒழுங்கா வரும்.

எக்கோ அறை மேடம்கிட்ட ஒரு கேள்வி. விலாஇடை சார் பட்டியல்ல வால் மோஷன் (இதயச் சுவர் அசைவு) இல்லை. ஈசிஜி சந்தேகமா இருக்கும்போது அதைப் பாக்கிறதை ஏன் எல்லாரும் தடுக்கிறீங்க? வலி இருக்கும்போதே சுவர் அசையலைன்னு தெரிஞ்சா அனுப்புற முடிவு சீக்கிரம் எடுக்கலாமே.

எக்கோ அறை

தடுக்கவில்லை, நைட் ஷிஃப்ட் சார். தப்பாகப் பார்ப்பதைத்தான் தடுக்கிறோம்.

பார்க்க வேண்டியது அசைவை அல்ல, தடிமனை. செத்த சுவரைப் பக்கத்துச் சுவர் இழுத்துக்கொண்டு போகும், அசைவது போலவே தெரியும். சுருங்கும்போது சுவர் தடிக்கிறதா என்று பாருங்கள். ஷார்ட் வியூவில் இரண்டு பேப்பிலரி தசையும் (மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் தசை) தெரிகிற மட்டத்தில் நிறுத்தினால் மூன்று ரத்தக்குழாய்களின் பகுதியும் ஒரே வட்டத்தில் கிடைக்கும். முன்சுவரும் செப்டத்தின் முன்பகுதியும் எல்ஏடி (இடது கரோனரியின் முன்கிளை). கீழ்ச்சுவர் பெரும்பாலும் வலது கரோனரி. பக்கவாட்டும் பின்பக்கமும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் (இடது கரோனரியின் இன்னொரு கிளை). படம் முட்டை வடிவத்தில் வந்தால் சாய்வாக வெட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அதில் சுவரைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.

மூன்று பொறிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய மாரடைப்பு. சுவர் மெலிந்து, 6 மி.மீ.க்கும் குறைவாக, வெள்ளையாகத் தெரிந்தால் அது இன்று நடந்ததல்ல. இரண்டு, எல்பிபிபி (இதயத்தின் இடது மின்பாதை அடைப்பு), பேஸ்மேக்கர். செப்டம் தாளம் தப்பித்தான் அசையும். மூன்றுதான் உயிரை வாங்கும்: வலி நின்ற பிறகு பார்ப்பது. அடைப்பு தற்காலிகமாக விட்டால் சுவர் பழையபடி சுருங்க ஆரம்பித்துவிடலாம். வலி இல்லாத நேரத்து நார்மல் படத்துக்கு மதிப்பே இல்லை. டிரோப்போனினும் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) திரும்ப எடுக்கிற ஈசிஜியும்தான் அந்த இடத்தில் பேச வேண்டும்.

நீங்கள் சொல்வது முழுப் பலன் தருகிற ஓர் இடம் உண்டு. ஈசிஜியின் வி1 முதல் வி4 வரையிலான லீடுகளில் எஸ்டி டிப்ரெஷன் (எஸ்டி கீழிறங்குவது), வலி விடவில்லை. உடனே முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 வைத்து எடுங்கள். அங்கே 0.5 மி.மீ. எலிவேஷன் போதும். அதோடு பாராஸ்டெர்னல் லாங்கில் திரைக்கு அடிப்பக்கம் இருக்கும் சுவர் தடிக்காமல் நின்றால், பின்பக்க மாரடைப்பு என்று போனில் தைரியமாகச் சொல்லுங்கள். கிளிப்பையும் அனுப்புங்கள்.

சிவப்பு மண்டலம்

லைசிஸுக்கு முன்னால் ஸ்கேன் கட்டாயமா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் கருத்து: கட்டாயமில்லை. ஆனால் டிசெக்‌ஷன் (பெருந்தமனிச் சுவர் கிழிதல்) வாடை அடித்தால் கட்டாயம்.

வாடை என்றால் என்ன? வலி ஆரம்பித்த நொடியிலேயே உச்சத்தில் இருந்தது, கிழிப்பது போல, முதுகுக்குப் போகிறது. இரண்டு கையிலும் பிபி 20க்கு மேல் வித்தியாசம். ஒரு பக்கம் நாடி இல்லை. நெஞ்சு வலியோடு கை கால் பலவீனம் அல்லது மயக்கம். புதிதாக டயஸ்டாலிக் மர்மர் (இதயம் விரியும்போது கேட்கும் இரைச்சல்). இவற்றில் ஏதாவது இருந்தால் எஸ்டி எலிவேஷன் இருந்தாலும் கை நிற்க வேண்டும். கிழிசல் வலது கரோனரியின் வாயை அடைத்தால் ஈசிஜியில் சாதாரண இன்ஃபீரியர் எம்ஐ (கீழ்ச்சுவர் மாரடைப்பு) மாதிரியேதான் வரும். அவருக்கு டெனெக்டிபிளேஸோ 15 லட்சம் யூனிட் ஸ்ட்ரெப்டோகைனேஸோ போட்டால் பெரிகார்டியத்தில் ரத்தம் நிறையும்.

பார்க்க வேண்டியது: பாராஸ்டெர்னல் லாங்கில் அயோர்ட்டா ரூட் 4 செ.மீ.க்கு மேலா. டயஸ்டோல் (இதயம் விரியும் கட்டம்) முடிவில், வால்வு மூடியிருக்கும்போது அளக்க வேண்டும். கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வசதி) போட்டு அயோர்ட்டிக் ரிகர்ஜிடேஷன் (வால்வுக் கசிவு) இருக்கிறதா. பெரிகார்டியத்தில் தண்ணீர் இருக்கிறதா. ப்ரோபை வயிற்றுக்கு மாற்றி, அப்டாமினல் அயோர்ட்டாவைக் குறுக்காகப் பார்த்து, நடுவே ஒரு கோடு ஆடுகிறதா.

ஃப்ளாப் (கிழிந்து ஆடும் உட்சுவர்) என்று நினைப்பதில் பாதி எதிரொலிதான். நிஜ ஃப்ளாப் அயோர்ட்டா சுவரோடு சேராமல் தன்னிஷ்டத்துக்கு ஆடும். ரத்த ஓட்டக் கலர் அதில் முட்டி நிற்கும். எதிரொலிக் கோடு சுவரோடு இணையாகவே போய் வரும், சுவரைத் தாண்டி வெளியேயும் நீளும், கலர் அதை மதிக்காமல் குறுக்கே ஓடும். சந்தேகமிருந்தால் இன்னொரு வியூவில் பாருங்கள். இரண்டு வியூவில் தெரிந்தால்தான் எழுதுங்கள்.

எதுவும் தெரியவில்லை, ஆனால் கதை டிசெக்‌ஷன் மாதிரியே இருக்கிறது என்றால், ஸ்கேன் உங்களை விடுவிக்காது. ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து), லைசிஸ் நிறுத்தி சிடி ஆஞ்சியோவுக்கு அனுப்புங்கள். வலிக்கு மருந்து கொடுத்து, பீட்டா பிளாக்கரை முதலில் ஆரம்பித்து, நாடி 60க்குக் கீழும் சிஸ்டாலிக் 100-120க்குள்ளும் கொண்டு வாருங்கள். பீட்டா பிளாக்கருக்கு முன்னால் ரத்தக்குழாய் விரிக்கும் மருந்தைத் தனியாகக் கொடுத்தால் நாடி எகிறும், கிழிசல் நீளும்.

மறுபக்கமும் முக்கியம். டிசெக்‌ஷன் வாடையே இல்லை, ஈசிஜி தெளிவு, ஆனால் ரூட் தெரியவில்லை. அதற்காக லைசிஸை நிறுத்தாதீர்கள்.

தாலுகா டியூட்டி

நன்றி சார். தண்ணீர் இருந்து பிபியும் குறைந்தால் டாம்பொனேட் (தண்ணீர் இதயத்தை அழுத்தி நிரம்பவிடாமல் செய்வது) என்று எதை வைத்து முடிவு செய்வது? அளவை வைத்தா?

விலாஇடை

அளவு ஏமாற்றும். மாதக்கணக்கில் மெல்லச் சேர்ந்த 2 செ.மீ. தண்ணீரோடு ஆள் நடந்து வருவார். டிசெக்‌ஷனிலோ சுவர் கிழிந்தோ நிமிடங்களில் சேர்ந்தால் 1 செ.மீ.க்குக் குறைவே போதும். அதுவும் உறைந்த ரத்தமாக இருந்தால் கருப்பாகத் தெரியாது, தசை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். "இதயச் சுவர் ஏன் இவ்வளவு தடிமன்?" என்று தோன்றினால் அதையும் நினையுங்கள்.

வலது வென்ட்ரிக்கிள் விரிய வேண்டிய நேரத்தில் உள்ளே மடங்குகிறதா என்பதுதான் அடையாளம். நாடி வேகமாக இருக்கும்போது கண்ணால் பிரிப்பது சிரமம். பாராஸ்டெர்னல் லாங்கில் எம்-மோடு (ஒரே கோட்டில் உள்ள அசைவை நேரத்தோடு காட்டும் படம்) கோட்டை ஆர்வி முன்சுவர் வழியாக மைட்ரல் இதழின் நுனிக்குப் போடுங்கள். மைட்ரல் திறக்கிற அதே நேரத்தில் ஆர்வி சுவர் உள்ளே குழிந்தால் அது டயஸ்டோலில் நடக்கும் மடிப்பு. ஐவிசி (கீழ்ப்பெருஞ்சிரை) 2.1 செ.மீ.க்கு மேல் விரிந்து, மூச்சிழுக்கும்போது பாதிகூடச் சுருங்காமல் நிற்கும். ஐவிசி நன்றாகச் சுருங்கினால் டாம்பொனேட்டுக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

பல்மனரி எம்பாலிசம் பற்றியும் இங்கேயே. ஃபோர் சேம்பரில் அடிப்பாகத்தில் அளந்தால் ஆர்வி, எல்வியைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் அழுத்தம் ஏறியிருக்கிறது. ஷார்ட் வியூவில் செப்டம் தட்டையாகி எல்வி ஆங்கில டி எழுத்து போல ஆகும். டிரைகஸ்பிட் வளையத்தின் வெளி ஓரத்தில் எம்-மோடு போட்டால் அது 17 மி.மீ.க்குக் குறைவாகவே மேலெழும். பல கையடக்கக் கருவிகளில் எம்-மோடு இருக்கும், ஸ்பெக்ட்ரல் டாப்ளர் (ரத்த வேகத்தை அளக்கும் வசதி) இருக்காது. இருப்பதை வைத்துச் செய்வோம்.

அதற்கப்புறம் காலுக்குப் போங்கள். லீனியர் ப்ரோபில் (மேலோட்டமான பகுதிக்கான ப்ரோப்) தொடை இடுக்கில் காமன் ஃபெமோரல், முழங்கால் பின்னால் பாப்ளிட்டியல், இந்த இரண்டு வெயின்களையும் (சிரை) குறுக்காக வைத்து அழுத்துங்கள். பக்கத்து ஆர்ட்டரி லேசாக நசுங்க ஆரம்பிக்கும் அளவுக்கு அழுத்தியும் வெயின் மூடவில்லையென்றால் உள்ளே கட்டி. 3 நிமிட வேலை. கட்டி கிடைத்தால், மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு சிகிச்சை முடிவு அங்கேயே கிட்டத்தட்ட முடிந்தது.

நைட் ஷிஃப்ட்

ஆர்வி பெருத்திருந்தாலே எம்பாலிசம்னு போகக் கூடாது. இன்ஃபீரியர் எம்ஐயோட ஆர்வி இன்ஃபார்க்ட்லயும் (வலது வென்ட்ரிக்கிள் மாரடைப்பு) பெருக்கும், ஐவிசி விரியும், நுனி மட்டும் அசைஞ்சு ஆர்வி வெளிச்சுவரோட நடுப்பகுதி நிக்கிற அந்த மெக்கானல் அடையாளமும் வரலாம். ஈசிஜில வி4ஆர் (வலது மார்புல வைக்கிற லீட்) போட்டுப் பாருங்க. வருஷக்கணக்கா புகை பிடிச்ச சிஓபிடி ஆளுக்கு ஆர்வி ஏற்கெனவே பெருசு. சப்காஸ்டல்ல ஆர்வி சுவரை அளங்க, 5 மி.மீ.க்கு மேல தடிச்சிருந்தா பழைய பிரச்சினை.

நியூமோதோராக்ஸுக்கு (நுரையீரலைச் சுத்திக் காத்து சேர்றது): லீனியர் ப்ரோப், ஆழம் 4-5 செ.மீ., 2-3ஆவது விலாஇடை, நெடுக்கா வைங்க. ரெண்டு விலா நிழலுக்கு நடுவுல வெள்ளைக் கோடு முன்னும் பின்னும் வழுக்குதான்னு பாருங்க. வழுக்கினா அந்த இடத்துல நியூமோ இல்லை. வழுக்கலைங்கிறதை மட்டும் வச்சு நெஞ்சுல டியூப் போட்டுடாதீங்க. புல்லா (நுரையீரல்ல காத்துப் பை), பழைய டிபி ஒட்டல், மூச்சுக்குழாய்ல போட்ட ட்யூப் வலது பக்கம் இறங்கி இடது நுரையீரல் காத்து வாங்காம இருக்கிறது, எல்லாத்துலயும் வழுக்காது. கோடு இதயத் துடிப்போட சேர்ந்து அதிர்ந்தா நுரையீரல் சுவரோட ஒட்டித்தான் இருக்கு. வழுக்குற இடமும் வழுக்காத இடமும் ஒரே படத்துல சந்திக்கிற புள்ளி, லங் பாயிண்ட், கிடைச்சாத்தான் உறுதி. பிபி விழுந்துட்டா புள்ளி தேடாம காத்தை வெளியேத்துங்க.

ஜெல் பாட்டில்

கருவிப் பக்கம் சில விஷயம்.

கலர் டாப்ளரைத் தொடர்ந்து ஓட்டினால் கையடக்க ப்ரோப் சூடாகித் தானாகவே நின்றுவிடும். தேவையான 10 விநாடி மட்டும் ஓட்டி ஃப்ரீஸ் போடுங்கள். ஸ்கேன் நடக்காத நேரத்தில் ப்ரோபும் போனும் சார்ஜரில் இருக்க வேண்டும். ஷிஃப்ட் மாற்றும் போது ஈசிஜி பேப்பர், டீஃபிப் சோதனையோடு இதன் சார்ஜையும் எழுதி வையுங்கள்.

நுரையீரலில் பி-லைன் (நீர் சேர்ந்திருப்பதைக் காட்டும் வெள்ளைக் கோடுகள்) தேடும்போது ஹார்மானிக்ஸ், காம்பவுண்ட் இரண்டையும் அணைக்க வேண்டும். படத்தை அழகாக்குகிற அந்த வசதிகள் பி-லைனை அழித்துவிடும். லங் பிரீசெட் இருந்தால் அதையே போடுங்கள்.

ஜெல்லைத் துடைக்காமல் காயவிட்டால் லென்ஸ் ஓரம் வெடிக்கும். எந்தத் திரவத்தில் துடைக்கலாம் என்பது கருவியோடு வரும் பட்டியலில் இருக்கும். கையில் கிடைக்கிற ஸ்பிரிட்டால் தேய்த்துக் கெடுக்காதீர்கள். பாதி காலியான ஜெல் பாட்டிலில் புது ஜெல்லை ஊற்றி நிரப்பக் கூடாது, கிருமி அதில்தான் வளரும்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். கைக்குள் அடங்கினாலும் இது 1994ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி (கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும்) சட்டத்துக்குள் வரும் கருவிதான். பதிவு செய்த இடத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். பையில் போட்டு வேறு கிளினிக்குக்கு எடுத்துப் போவது குற்றம். இரவல் கொடுப்பதும் அப்படித்தான்.

சிவப்பு மண்டலம்

நோட்ஸில் எழுதுவது பற்றி. "எக்கோ நார்மல்" என்று மட்டும் எழுதினால் அடுத்த மருத்துவர் முழு எக்கோ நடந்ததாக நினைப்பார். இப்படி எழுதுங்கள்:

"கேசுவாலிட்டியில் குறிப்பிட்ட கேள்விகளுக்கான ஸ்கேன், இரவு 2.10, வலி இருக்கும்போது. சப்காஸ்டல், பாராஸ்டெர்னல் லாங் மட்டும் கிடைத்தது. பெரிகார்டியத் தண்ணீர் இல்லை. எல்வி சுருக்கம் மிதமாகக் குறைவு. ரூட் 3.4 செ.மீ. ஆர்வி பெருக்கவில்லை. வால் மோஷன் மதிப்பிடப்படவில்லை."

வலி இருந்ததா, எந்த வியூ கிடைக்கவில்லை, எதைப் பார்க்கவில்லை. இந்த மூன்றும் இல்லாத ரிப்போர்ட்டை வாங்குகிற இடத்தில் நம்ப முடியாது.

தாலுகா டியூட்டி

இதைப் பிரிண்ட் எடுத்துக் கேசுவாலிட்டி சுவரில் ஒட்டிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: வலி தொடங்கி 2 நாள் கழித்து, திடீரென ஷாக், நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்று வருபவரிடம் முதலில் எதைத் தேடுவது?

எக்கோ அறை

கலரைப் போடுங்கள், டாக்டர். பேப்பிலரி தசை அறுந்தால் மைட்ரல் இதழ் ஏட்ரியத்துக்குள் (மேலறை) புரளும். கசிவால் இரண்டு அறைகளின் அழுத்தமும் வேகமாகச் சமன் ஆகிவிடுவதால் கலர் சிறியதாகத் தெரியும், மர்மரும் கேட்காமல் போகலாம், அதை நம்பி ஒதுக்காதீர்கள். செப்டம் ஓட்டையானால் ஷார்ட் வியூவில் எல்வியிலிருந்து ஆர்விக்குக் கலர் பாயும், அபெக்ஸ் பக்கம்வரை சாய்த்துத் தேட வேண்டும். எல்வி நன்றாகத் துள்ளிச் சுருங்குகிறது, ஆனால் ஆள் ஷாக்கில் இருக்கிறார் என்றால் இந்த இரண்டையும்தான் முதலில் நினைக்க வேண்டும். கிளிப்பை அனுப்பிவிட்டு, அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு 108ஐ உடனே கூப்பிடுங்கள்.